பொன்னாடைப் படம் மட்டும் போதுமா?

ரயில்வே டிக்கெட் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவனுக்கு முகங்கள் அதிகம் தெரிவதில்லை. கைகள்தான் தெரியும். கண்ணாடிக்குக் கீழே உள்ள சிறு திறப்பின் வழியாக ஒரு கை பணத்தை நீட்டும். இன்னொரு கை சில்லறையை எடுக்கும். வரிசையில் நிற்பவர் அவசரப்படுவார். நானும் அவசரப்படுவேன்.

இத்தனை ஆண்டுப் பழக்கத்தில் கையைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். நகக்கண்ணில் சாயம் ஏறியிருந்தால் தாராவி தோல் பட்டறைக்காரர். விரல் நுனியில் ஆவி பட்ட தழும்பு இருந்தால் விடியற்காலையில் இட்லி அவித்து விற்கும் நம் தென்பாண்டிச் சகோதரர். மாலையில் மாதுங்காவிலிருந்து திரும்பும் பெண்ணின் விரலில் மல்லிகை நாரின் பச்சைக் கறை ஒட்டியிருக்கும்.

இந்தக் கைகளுக்கு உரியவர்களின் படம் எங்காவது இருக்கிறதா? மாலை நேரத்தில் செய்தி சேகரிக்கவும் படம் எடுக்கவும் ஓடுகிறவன் என்ற முறையில் இந்தக் கேள்வியை முதலில் எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். இப்போது வாசகர்களிடமும் கேட்கிறேன்.

கோட்டுப் போட்ட அப்பா

என் தந்தை மாதுங்கா ரயில் பெட்டிப் பணிமனையில் வேலை பார்த்தார். 1915-ல் தொடங்கப்பட்ட அந்தப் பணிமனையில் தலைமுறை தலைமுறையாக நம்மவர்கள் உழைத்திருக்கிறார்கள். 2009-ல் பணியில் இருக்கும்போதே அவர் காலமானார். அந்த வேலைதான் எனக்கும் சோறு போட்டது. பத்தாவது மட்டுமே தேறியிருந்த நான் கலாசியாகச் சேர்ந்து, பிறகு துறைத் தேர்வு எழுதிக் குமாஸ்தா ஆனேன்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு ஊருக்குப் போக வேண்டும். சுவரில் மாட்ட ஒரு படம் வேண்டும் என்றார் அம்மா. வீடு முழுக்கத் தேடினோம். ஒரே ஒரு படம்தான் கிடைத்தது. அது அவருடைய அடையாள அட்டையில் ஒட்டியிருந்த படம். பாதி நெற்றியில் ரப்பர் முத்திரை விழுந்திருந்தது.

அதை ஒரு ஸ்டூடியோவில் கொடுத்தேன். முத்திரையை அழித்து, படத்தைப் பெரிதாக்கி, கறுப்புக் கோட்டும் கழுத்துப் பட்டையும் சேர்த்துத் தந்தார்கள். அவர்கள் மரியாதைக்காகத்தான் அப்படிச் செய்தார்கள். எனக்கும் அப்போது பெருமையாகவே இருந்தது.

அம்மா அந்தப் படத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஏலே, இது யாருலே? உங்கப்பா கோட்டுப் போட்டு நான் எப்பம் பாத்தேன்? அவுக சட்டைக் காலர்ல கிரீஸ் இருக்கும்லா, அது எங்க?" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. முப்பது ஆண்டு உழைத்த ஒரு மனிதர் தம் வாழ்நாளில் அணியாத உடையோடு இன்றும் எங்கள் ஊர் வீட்டுச் சுவரில் தொங்குகிறார். நம் வீடுகளில் இப்படிக் கோட்டுப் போட்ட அப்பாக்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்!

படத்தில் விழுந்த முதல் மனிதர்

மனிதர் உருவம் பதிந்த மிகப் பழைய புகைப்படம் எது தெரியுமா? பாரிஸ் நகரில் டாகேர் என்பவர் 1838-ல் ஒரு மாடி ஜன்னலிலிருந்து தெருவைப் படம் பிடித்தார். அந்தக் காலத்துக் கருவிக்கு ஒரு படம் பதியச் சில நிமிடங்கள் ஆகும். தெருவில் வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன; மக்கள் நடந்துகொண்டிருந்தார்கள். ஆனால் படத்தில் அவர்கள் ஒருவரும் இல்லை. ஓடுகிற எதையும் அந்தக் கருவியால் பிடிக்க முடியவில்லை. ஒரு மூலையில் அசையாமல் நின்ற ஒருவர் மட்டும் பதிந்துவிட்டார். அவர் காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு நின்றவர். அவர் காலடியில் குனிந்து வேலை செய்த தொழிலாளியும் மங்கலாகத் தெரிகிறார்.

அரசரும் அல்ல, தளபதியும் அல்ல. ஒரு பாலிஷ் தொழிலாளியும் அவருடைய வாடிக்கையாளரும்தான் நாம் அறிந்த வரையில் புகைப்படத்தில் முதன்முதல் விழுந்த மனிதர்கள்! இருவர் பெயரும் யாருக்கும் தெரியாது. மும்பை ரயில் நிலையங்களில் பெட்டியில் பிரஷால் தட்டி வாடிக்கையாளரை அழைக்கும் தோழர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் படம்தான் நினைவுக்கு வரும்.

நின்றவர் பதிந்தார், ஓடியவர் மறைந்தார். இது கருவியின் குறை. அந்தக் குறை எப்போதோ தீர்ந்துவிட்டது. ஆனால் மும்பைத் தமிழர் இன்னும் ஓடிக்கொண்டே இருக்கிறோம். 5.40 வண்டியைப் பிடிக்க ஓடுகிறோம். குழாயில் தண்ணீர் நிற்பதற்குள் ஓடுகிறோம். நின்று ஒரு படம் எடுத்துக்கொள்ள நமக்கு நேரம் இருந்ததில்லை.

பெயரில்லாத முகங்கள்

இந்த நகரம் புகைப்படத்துக்குப் புதியது அல்ல. போரிபந்தரிலிருந்து தாணாவுக்கு முதல் ரயில் ஓடியது 1853-ல். அடுத்த ஆண்டே, 1854-ல், பம்பாயில் புகைப்படச் சங்கம் தொடங்கிவிட்டார்கள். வில்லியம் ஜான்சன் என்ற ஆங்கிலேயர் பம்பாய்வாசிகளைப் படமெடுத்து 1863, 1866 ஆகிய ஆண்டுகளில் இரண்டு பாகங்களாக வெளியிட்டார். ஆளை ஓரிடத்தில் எடுத்து, வேறோர் இடத்துக் காட்சியில் ஒட்டிச் செய்த படங்கள் அவை. என் தந்தைக்குக் கோட்டு ஒட்டிய வித்தை அன்றே இருந்திருக்கிறது!

பிறகு ஆங்கில அரசே 1868 முதல் 1875 வரை 'இந்திய மக்கள்' என்று எட்டுத் தொகுதிகள் வெளியிட்டது. நாட்டின் பல பகுதி மக்களின் முகங்கள் அதில் உண்டு. பெரும்பாலான படங்களுக்குக் கீழே சாதியின் பெயர் இருக்கிறது. தொழிலின் பெயர் இருக்கிறது. மனிதரின் பெயர் இல்லை. ஆள்பவனுக்குப் பெயர் தேவைப்படவில்லை. எந்த வகை என்று தெரிந்தால் போதுமானதாக இருந்தது.

சினிமாவிலும் நம் கதை ஏறக்குறைய இதுதான். 1987-ல் வந்த 'நாயகன்', 2018-ல் வந்த 'காலா' ஆகிய இரண்டு படங்களும் தாராவித் தமிழரைப் பற்றியவை. இரண்டுக்கும் தாராவியைச் சென்னையில் செட்டுப் போட்டு எழுப்பினார்கள். கலைஞர்களின் உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஊரில் இருக்கும் நம் உறவினர் "தாராவி இப்படித்தான் இருக்கும்" என்று நினைப்பது பெரும்பாலும் அந்தப் பலகைத் தாராவியைத்தான். உண்மைத் தாராவியின் படத்தை நாம் அவர்களுக்கு அனுப்பியதே இல்லை.

மேடையில் நிற்பவர் யார்?

"கையில் செல்போன் வந்தபின் எல்லோரும் படம் எடுக்கிறார்களே" என்று சிலர் கேட்கலாம். உண்மைதான். அந்தக் காலத்து அக்பா கிளிக் காமிராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டு படம்தான். இன்று ஒரே கல்யாணத்தில் ஆயிரம் படம் எடுக்கிறோம். ஆனால் போன் தண்டவாளத்தில் விழுந்தால் ஆயிரமும் அதோடு போய்விடுகிறது. அச்சுப் போட்டு வைத்தவர் எத்தனை பேர்?

எதை எடுக்கிறோம் என்பதும் முக்கியம். நம் சங்கங்களின் ஆல்பங்களைப் புரட்டிப் பாருங்கள். தலைவருக்குச் செயலாளர் பொன்னாடை போர்த்துகிறார். அடுத்த படத்தில் செயலாளருக்குத் தலைவர் பொன்னாடை போர்த்துகிறார். அந்தப் பந்தலுக்குக் கம்பு நட்டவர் படத்தில் இல்லை. ஐந்நூறு பேருக்குப் பொங்கல் கிளறிய அக்காமார் இல்லை. நாற்காலி அடுக்கிய பையன்கள் இல்லை.

இதில் என் பங்கும் உண்டு. நான் அனுப்பிய படங்களில் பத்துக்கு ஒன்பது பொன்னாடைப் படங்கள்தான். அவற்றைத்தான் கேட்டார்கள், அவற்றைத்தான் கொடுத்தேன். ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் இந்தப் படங்களைப் பார்த்தால், மும்பைத் தமிழர் சால்வை வியாபாரம் செய்து பிழைத்தார்கள் என்றுதான் நினைப்பார்.

நான் செய்த தவறு

அப்படியானால் உழைப்பவரை எல்லாம் கண்ட இடத்தில் படம் பிடித்துத் தள்ளிவிடலாமா? கூடாது. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

2017 ஆகஸ்டு 29-ம் தேதி பெய்த பெருமழை நம்மில் யாருக்கும் மறந்திருக்காது. அன்று தாராவிச் சந்து ஒன்றில் ஓர் அம்மா இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, கோலிக்குள் புகுந்த நீரைப் பாத்திரத்தால் இறைத்துக்கொண்டிருந்தார். அவரைக் கேட்காமலே படம் எடுத்தேன். அது அச்சில் வந்தது. பலர் பாராட்டினார்கள்.

நான்கு நாள் கழித்து அந்த அம்மா என்னைத் தேடி வந்தார். சண்டை போடவில்லை. "தம்பி, ஊர்ல நான் பில்டிங்ல இருக்கேன்னு சொல்லி வச்சிருந்தேன். மகளுக்கு மாப்பிள்ளை பேசிட்டு இருக்கோம். நீங்க எடுத்த படம் போன்ல அங்க போயிட்டு. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார்.

அவர் கேட்டது நியாயம். மழையையும் சாக்கடையையும் நகரத்தின் குறையாக நாட்டுக்குக் காட்டினேன் என்று நான் நினைத்தேன். அவருக்கோ அது தம் குறையாக ஊருக்குக் காட்டப்பட்டது. வெளிநாட்டார் வந்து நம் சந்துகளைப் படம் பிடித்தால் நமக்குக் கோபம் வருகிறது. தாராவியைச் சுற்றிக் காட்டும் சுற்றுலா நிறுவனம் ஒன்று, வருகிறவர் யாரும் படம் எடுக்கக்கூடாது என்றே விதி வைத்திருக்கிறது. வெளியாருக்கு உள்ள அந்தக் கட்டுப்பாடு உள்ளூர்க்காரனான எனக்கு இல்லாமல் போயிற்று.

வழி காட்டிய இருவர்

சரியான முறையில் இதைச் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். இதே மும்பையில் சுதாரக் ஓல்வே என்ற புகைப்படக்காரர், மாநகராட்சித் துப்புரவுத் தொழிலாளரின் வாழ்க்கையை ஆண்டுக்கணக்கில் அவர்களோடு பழகிப் படமாக்கினார். சாக்கடையில் இறங்கும் நேரத்தோடு நில்லாமல் அவர்கள் குடும்பத்தையும் வீட்டையும் காட்டினார். 2016-ல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இன்னொருவர் நம் மதுரைக்காரர், பழனி குமார். மீன் விற்ற தாயின் மகன். கடன் வாங்கிக் காமிரா வாங்கியவர். மலக்குழிகளில் உயிர்விட்ட தொழிலாளரின் குடும்பங்களைத் தேடித் தேடிப் படமெடுத்தார். 2017-ல் வந்த 'கக்கூஸ்' ஆவணப் படத்துக்கு ஒளிப்பதிவு செய்தவரும் அவரே. பத்திரிகையாளர் சாய்நாத் மும்பையை இருப்பிடமாகக் கொண்டு 2014-ல் தொடங்கிய 'பாரி' அமைப்பில் அவர் படங்கள் வெளிவருகின்றன. தாம் கற்றதைத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறார்.

மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடை செய்யும் சட்டம் 2013-ல் வந்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்குப் பத்து லட்சம் ரூபாய் என்று உச்ச நீதிமன்றம் 2014-ல் கூறியது. 2023-ல் அதை முப்பது லட்சம் ஆக்கியது. சட்டம் வந்தும் சாவு நிற்கவில்லை. இறந்தவர் ஓர் எண்ணிக்கையாகவே செய்தியில் வருகிறார். அவருக்கு ஒரு பெயர் உண்டு, தகப்பன் படத்தைக் கையில் பிடித்து நிற்கும் பிள்ளை உண்டு என்று காட்டுவது இப்படிப்பட்ட படங்கள்தான். அந்தப் பிள்ளைகளை அவர் அவர்கள் வீட்டுக்குள் சென்று, அவர்களுக்குத் தெரிந்தவராக நின்று எடுத்தார். அவருக்கும் எனக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

எடுத்தவரின் பெயரும் நிற்க வேண்டும். பம்பாயில் கலைப் பள்ளியில் படித்த ஹோமாய் வியாரவாலா, இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர். அவருடைய தொடக்க காலப் படங்கள் கணவர் பெயரில்தான் வெளிவந்தன. 2011-ல் பத்ம விபூஷண் வாங்கிய அவருக்கே அந்த நிலை என்றால், நம் வீட்டுப் பெண்கள் எடுக்கும் படத்துக்கு யார் பெயர் எழுதப்போகிறார்கள்?

ஏன் இப்போதே?

இதையெல்லாம் இன்று எழுதக் காரணம் இருக்கிறது. தாராவி மாறப் போகிறது. மறுசீரமைப்புத் திட்டத்துக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் தேர்வு பெற்றது. 2024 மார்ச்சில் வீடு வீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஓர் எண் கொடுக்கிறார்கள். 2000 ஜனவரி முதல் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருப்பவருக்கு இங்கேயே இலவச வீடு, மற்றவருக்கு வெளியே என்று கணக்கு.

திட்டம் நல்லதா கெட்டதா என்று இங்கே வாதிட வரவில்லை. கழிப்பறைக்கு வரிசையில் நிற்கும் தாய்மார் நல்ல வீட்டுக்குப் போக வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. தங்கள் ரசீதுகளையும் வாக்காளர் அட்டையையும் பத்திரமாக வையுங்கள் என்பதையும் பலர் சொல்லிவிட்டார்கள். நான் சொல்வது வேறு. கதவில் எண் விழுந்துவிட்டது. அந்த எண்ணுக்குப் பின்னால் யார் இருந்தார்கள் என்பதை நாம்தான் எழுதி வைக்க வேண்டும்.

கோலி இடிந்தபின் அதன் வாசற்படியைப் படம் எடுக்க முடியாது. பொங்கலன்று தொண்ணூறு அடி ரோட்டில் வரிசையாகப் பானை வைத்து நம் பெண்கள் பொங்கலிடும் காட்சி, பல மாடிக் கட்டடம் எழுந்தபின் இதே வடிவில் இருக்குமா என்பது யாருக்குத் தெரியும்?

மாதுங்காவும் செம்பூரும் இடிக்கப்படப் போவதில்லையே என்று எண்ண வேண்டாம். அங்கும் பழைய கட்டடங்கள் ஒவ்வொன்றாக விழுகின்றன. மாதுங்கா ரயில் நிலையத்தை 2017-ல் முழுக்கப் பெண் ஊழியரிடம் ஒப்படைத்தபோது காமிராக்கள் திரண்டன. மகிழ்ச்சி. நிலையத்துக்கு வெளியே பூத்தொடுக்கும் பெண்களை யார் எடுத்தார்கள்? செம்பூர் முருகன் கோயிலின் கோபுரத்தைப் படமெடுக்காதவர் இல்லை. கோயில் வாசலில் செருப்பைக் காவல் காப்பவரை எடுத்தவர் உண்டா?

செய்ய வேண்டியது என்ன?

இதற்குச் சங்கம் வேண்டாம், நிதி வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

உங்கள் தகப்பனாரை அவர் வேலை செய்யும் இடத்தில், அவர் வழக்கமாக அணியும் சட்டையோடு எடுங்கள். தாயாரை அடுப்படியில், அவர் சம்மதித்தால், எடுங்கள். வீட்டு வாசலையும் சந்தையும் எடுங்கள். அடுத்தவரை எடுப்பதானால் முதலில் கேளுங்கள். "வேண்டாம்" என்றால் விட்டுவிடுங்கள். எடுத்த படத்தில் ஒன்றை அவருக்கே கொடுங்கள்.

இரண்டு அச்சுப் போடுங்கள். ஒன்று இங்கே, ஒன்று ஊரில். பின்பக்கம் பெயர், ஊர், இடம், ஆண்டு ஆகியவற்றைப் பேனாவால் எழுதுங்கள். எடுத்தவர் பெயரையும் எழுதுங்கள். சங்கத்தார் ஆண்டு மலரில் நான்கு பக்கத்தைப் பந்தல் போட்டவருக்கும் பாத்திரம் துலக்கியவருக்கும் ஒதுக்கட்டும். பொன்னாடைப் படமும் ஒரு பக்கம் இருந்துவிட்டுப் போகட்டும்.

பின்பக்கத்தில் பெயர் எழுதச் சொல்வதற்கு எனக்கு ஒரு சொந்தக் காரணம் உண்டு. சென்ற ஆண்டு, என் தந்தையோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வீட்டைக் காலி செய்தார். ஒரு தகரப் பெட்டியிலிருந்து பழைய படம் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். பணிமனையில் ஆயுத பூசை அன்று எடுத்தது. முப்பது பேர் நிற்கிறார்கள். படம் மங்கிவிட்டது. எனக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை. திருப்பிப் பார்த்தேன். வரிசை வரிசையாகப் பெயர் எழுதியிருந்தார்கள். மூன்றாம் வரிசையில், இடமிருந்து ஐந்தாவது, என் தந்தை. முகத்தில் பாதியை முன்னால் நிற்பவரின் தோள் மறைக்கிறது. சிரித்துக்கொண்டிருக்கிறார்.

அதைப் பெரிதாக்கி ஊருக்கு எடுத்துப் போனேன். இந்த முறை எதையும் ஒட்டச் சொல்லவில்லை. அம்மா மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். விரலை நேரே அந்த முகத்தில் வைத்தார். காலரைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதைக் கூடத்துல மாட்டுலே" என்றார்.

கோட்டுப் படமும் அங்கேதான் இருக்கிறது. அதைக் கழற்ற அம்மாவுக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு வருகிறவர்களிடம் இரண்டையும் காட்டுகிறார். எது அப்பா என்று சொல்வதற்கு அவர் இருக்கிறார். உங்கள் வீட்டில் அப்படிச் சொல்லக்கூடியவர் இருக்கும்போதே அந்த ஞாயிற்றுக்கிழமையை ஒதுக்கிவிடுங்கள்.